வால் வேறு

வியாழன் இரவு பதினொன்றரை.
அல்கோர் ராஜாளி மருத்துவமனையில்
கடைசிப் பறவைக்கும் மயக்கம் தெளிந்துவிட்டது.
கண்மறைக்கும் தோல்தொப்பிக்குள் தலையைக் குலுக்கிக்கொண்டு
மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தது.
அந்தத் தொப்பிக்கு இங்கே பெயர் புர்கா.
வந்த முதல் வாரம் நான் சிரித்தேன்.
கூடச் சிரிக்க ஆளில்லை.

ஷெர்பாஸ் லேண்ட் குரூசரைப் பின்வாசலில் நிறுத்தினான்.
பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி
கம்பளியில் சுற்றிய ஒரு கல்பலகை.
அர்பாபுக்கு ஒரு சந்தேகம், என்றான்.
பணம் இன்னும் பாதி கொடுக்கவில்லை.
ஒரே ஒரு எக்ஸ்ரே.

பிரித்தேன்.
சாம்பல் கல்லில் சேவல் உயரத்துக்கு ஒரு ஜீவன்.
கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து கிடந்தது,
கறிக்கடைத் தட்டில் கோழி கிடப்பதுபோல.
சுற்றிலும் இறகின் கரித்தடம்.
கோழியேதான் என்றிருப்பேன்,
வாய் நிறையப் பல் இல்லாவிட்டால்.

பிறகு கால்.
இரண்டாம் விரல் மட்டும்
அரிவாள் நகத்தை மண்ணில் படாமல் தூக்கிவைத்திருந்தது,
ஈரத்தரையில் போகிறவள்
கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல.
நடக்க அது வேண்டாம்.
முனை மழுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

டாக்டர் தய்யிப் போனில் கொட்டாவி விட்டார்.
கேவி எழுபது வை, ஜெரால்டு. கல் பறவை அல்ல.

ராஜாளி என்றால்
அலகில் மாஸ்க் வைத்து கேஸ் திறப்பேன்,
சிறகை விரித்துக் காகித டேப் ஒட்டுவேன்,
மூச்சை எண்ணுவேன்.
இதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.
பன்னிரண்டு கோடி வருஷமாக அசையாமல் இருக்கிறது.
இருந்தும் பட்டனைத் தொடும்போது
பழக்கத்தில் சொல்லிவிட்டேன், தமிழில்:
ஆடாம இரு.

திரையில் முதலில் வந்தது கவட்டெலும்பு.
அரைமணி முன்பு பார்த்த அதே எலும்பு.
பழைய படத்தைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.
இரண்டும் ஒரே தச்சன் வீட்டு உண்டிவில்.
கையெலும்பு உள்ளே வெறும் காற்று, இதிலும் அதிலும்.
கட்டையில் இருந்தது ஒருமுறை சிலிர்த்தது.
ஏசி குளிர்தான்.

இடுப்புக்குக் கீழே ஒரு கோடு.
நேர்கோடு.
எந்த மிருகத்துக்குள்ளும் நான் பார்த்ததில்லை
அவ்வளவு நேராக ஒரு கோடு.
பசை.
அதற்கப்பால் முள்ளெலும்பு தடித்து வருகிறது,
கல்லின் நிறமும் ஒரு பிடி கருப்பு.
வால் வேறு எதனுடையதோ.
அதுவும் ஓடியிருக்கும். அதுவும் தின்றிருக்கும்.
எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ
இரண்டு பாதிச் சாவை எடுத்து
ஒரு முழு விலை செய்திருக்கிறார்கள்.

அஸ்லியா நக்லியா? ஷெர்பாஸ் கேட்டான்.
ரெண்டுமே அஸ்லி, என்றேன்.
அர்பாப்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்ல முடியாது பாய்,
ஒண்ணு எழுது.

என் பத்தாக்காவை எடுத்து மேசையில் வைத்தேன்,
ரிப்போர்ட்டில் நம்பர் எழுத வேண்டும்.
முகம் என்னுடையது.
தொழில்: பண்ணையாள்.
பிறந்த தேதி ஏஜென்ட் போட்டது,
அம்மா ஒவ்வொரு வருஷமும் வேறு நாளில் வாழ்த்துகிறாள்.
லேமினேஷனுக்கு அடியில்
ஒரு கோடும் தெரியாது.

பறவைகளுக்கான படிவம்தான் இருந்தது.
பெயர்: இல்லை.
கால்வளைய எண்: இல்லை.
வயது என்ற கட்டத்தில் பூஜ்யங்கள் அடங்கவில்லை,
ஓரத்துக்கு ஏறிவிட்டன.
குறைபாடு: வால் வேறு.

மூடும்போதுதான் கண்ணில் பட்டது.
இடது விலா, நாலாவது.
நடுவில் ஒரு சிறு முண்டு.
உடைந்து, வளைந்து, தானாகக் கூடியது.
ராஜாளிக்கு இப்படி வந்தால்
மூன்று வாரம் இருட்டறை, கையால் காடை ஊட்டுவோம்.
இதற்கு யார் ஊட்டினார்கள்?
பசியோடு எங்கோ புதருக்குள் கிடந்து
எழுந்து
மறுபடி அந்த விரலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

ஷெர்பாஸ் கம்பளியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.
பொறு, என்று
படிவத்தைத் திரும்ப வாங்கினேன்.
யாரும் கேட்காத அந்த வரியையும் எழுதினேன்:
பழைய முறிவு. ஆறிவிட்டது.
அதற்குப் பிறகும் வேட்டைக்குப் போயிருக்கிறது.